புதுப்பிப்பு: ஆச்சிக்கு இல்லம் பார்க்கப் போன கதை

மறதி நோய் வந்த எங்கள் ஆச்சிக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறோம், போய் என்ன கேட்பது என்று போன மாதம் எழுதியிருந்தேன். "சாயங்காலம் சொல்லாம போய்ப் பாருங்க" என்று ஒரு அண்ணாச்சி சொன்னதுதான் கை கொடுத்தது.

காலையில் பார்த்தபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆறு மணிக்குப் போனால் வேறு இடம். இந்த நோயில் பொழுது சாயும்போதுதான் பலருக்குப் பதற்றம் கூடும். ஆச்சியும் அந்நேரம்தான் "வீட்டுக்குப் போணும்" என்று பையைத் தூக்குவாள். அங்கே ஒரு தாத்தா கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டே நின்றார். இருபது பேருக்கு ஒரே ஒரு அக்கா. ராத்திரி எப்படி என்றேன். "மாத்திரை குடுத்துருவோம், தூங்கிருவாங்க." எந்த டாக்டர் எழுதியது என்றதற்குப் பதில் இல்லை. சரி, வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

அப்புறம் தென்காசி ரோட்டில் இன்னொன்று. கட்டடம் சுமார்தான். ஆச்சியையும் கூட்டிப் போனோம். அங்கிருந்த பெண் முதலில் கேட்டது, ஆச்சி என்ன வேலை பார்த்தாங்க என்று. பீடி சுற்றினாள் என்றேன். காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு தட்டில் வைத்தார். ஆச்சியின் விரல்கள் தானாகவே சுருட்ட ஆரம்பித்தன.

அடுத்த வாரம் பகலில் மட்டும் விட்டுப் பார்க்கிறோம். உதவி எண் கேட்டவர்களுக்கு: முதியோருக்கான இலவச எண் 14567.