ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா: பரிசை யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

தெக்கத்திப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திசையன்விளைப் பக்கம். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம், நாளைக்கு டீக்கடையில் எனக்குத்தான் கேள்வி வரும். எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் காலத்து நடுநிலைப் பள்ளி. ஆங்கிலிக்கன் சபை 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்து இத்தனை காலம் ஆகியும் எங்கள் ஆச்சிக்கு அது மிஷன் பள்ளிக்கூடம்தான். கோயிலும் (தேவாலயத்தைத்தான் அப்படிச் சொல்வோம்) பள்ளியும் ஒரே காம்பவுண்டு. நிர்வாகம் பிஷப்பின் கீழுள்ள திருமண்டலம், வாத்தியார்களுக்குச் சம்பளம் அரசாங்கம். பிள்ளைகளில் பாதிக்கு மேல் இப்போது இந்து வீட்டுப் பிள்ளைகள்.

பிப்ரவரியில் ஆண்டு விழா. பழைய மாணவர் சங்கத்துக்கு என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள் (கூட்டத்துக்கு வராதவனைத்தான் பிடிப்பார்கள் போல). பணம் ஓரளவு சேர்ந்திருக்கிறது. செலவழிப்பதில்தான் இழுபறி.

போன வருஷம் எட்டாம் வகுப்பு படித்த மூன்று பேர் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறியிருக்கிறார்கள். ஒன்பதிலிருந்து 12ஆம் வகுப்பு முடிய வருஷத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. எங்கள் ஊருக்கு அது பெரிய விஷயம். இவர்கள் படத்தையும், ஒவ்வொரு வகுப்பிலும் முதல் மூன்று இடம் வாங்கியவர்கள் படத்தையும் போட்டு பஸ் ஸ்டாப்பில் பெரிய பிளெக்ஸ் வைக்க வேண்டும் என்று சங்கத்தில் ஒரு கோஷ்டி. இங்கிலீஷ் மீடியம் வேன் காலையில் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது, நாமும் விளம்பரம் செய்யாவிட்டால் சேர்க்கை படுத்துவிடும் என்பது அவர்கள் கட்சி. ஹெச்.எம். டீச்சரோ, ஒரு பிள்ளையும் வெறுங்கையோடு போகக் கூடாது, எல்லாருக்கும் ஒரு டிபன் டப்பா கொடுத்துவிடலாம் என்கிறார். இதற்கு நடுவில் மும்பையில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் நல்ல தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் எல்லாப் பரிசையும் அவர் கையால்தான் கொடுக்க வேண்டுமாம், அழைப்பிதழில் படமும் வர வேண்டுமாம்.

இப்படி விழா நடத்திப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள். பிளெக்ஸ் வைக்கலாமா? எல்லாருக்கும் பரிசு என்றால் நன்றாகப் படித்த பிள்ளைக்கு என்ன மரியாதை?


சென்னையில் நெல்லைக்காரன்:

பிளெக்ஸ் வைங்க பாஸ். காலம் அப்படி. எங்கள் தெருவில் எல்.கே.ஜி. பட்டமளிப்புக்கே அங்கி மாட்டி பிளெக்ஸ் வைக்கிறார்கள். மூன்று பிள்ளைகள் அரசாங்கத் தேர்வில் தேறியதைச் சொல்வதற்கு என்ன கூச்சம்? டப்பா யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் வாங்கிய டப்பாவில் இப்போது எங்க அம்மா கடுகு போட்டு வைத்திருக்கிறாள். எதற்குக் கொடுத்தார்கள் என்று எனக்கே ஞாபகம் இல்லை.


தேரிமணல்:

தம்பி, நான் திருமண்டலப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேடைக்குப் பெஞ்சு இழுத்துப் போடுவது முதல் மைக்செட்காரரோடு மல்லுக்கட்டுவது வரை என் தலையில்தான் விழும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளெக்ஸ் வேண்டாம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூவுக்கே மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-ல் அரசு நிறுத்திவிட்டது. நாம் போய் நாலாம் வகுப்பில் முதலிடம் யார் என்று ரோட்டில் கட்டுவானேன்? சின்னப் பிள்ளைகள் முகம் அது. வெயிலில் வெளுத்து, காற்றுக் காலத்தில் கிழிந்து, கடைசியில் எவன் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்கோ கூரையாகப் போகும். சேர்க்கைக்கு விளம்பரம் தாய்மார் வாய்தான். என் பிள்ளையைப் பற்றி மேடையில் இப்படிச் சொன்னார்கள் என்று ஒரு அம்மா தண்ணீர்க் குழாயடியில் சொன்னால் போதும், வேன்காரர் காதுக்கும் அது போகும்.

அதை மேடையில் எங்கே சொல்வது? ஆண்டறிக்கையில். நம் விழாக்களில் யாரும் காது கொடுக்காத ஒன்று அதுதான். கட்டடப் பழுது, கழிப்பறை, வந்துபோன அதிகாரிகள், நன்றி, நன்றி என்று ஹெச்.எம். வாசிப்பார். கீழே முறுக்கு விற்பனை நடக்கும். நாங்கள் அதை மாற்றினோம். ஜூன் மாதமே ஒவ்வொரு வகுப்பு டீச்சரிடமும் ஒரு நோட்டு. பிள்ளை ஒன்றுக்கு ஒரு பக்கம். மார்க் எழுத வேண்டாம், அதற்கு வேறு ரிஜிஸ்டர் இருக்கிறது. அந்தப் பிள்ளை செய்த நல்ல காரியம் எது கண்ணில் பட்டாலும் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் டீச்சர்கள் முணுமுணுத்தார்கள், ஏற்கெனவே எமிஸ் ஆன்லைன் பதிவு வேலையே தலைக்கு மேல் இருக்கிறது என்று. அப்புறம் அவர்களுக்கே ருசி பிடித்துவிட்டது.

என்னவெல்லாம் வந்தது தெரியுமா? ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் வகுப்புப் பையனைத் திண்ணையில் உட்கார வைத்து தினமும் எழுத்துக் கூட்ட வைத்திருக்கிறாள், யாரும் சொல்லாமல். இன்னொருவன் கணக்கில் முட்டைதான், ஆனால் புரட்டாசியில் பனங்கொட்டை பொறுக்கி குளத்துக்கரை நெடுக நட்டிருக்கிறான், நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு. ஒருத்தன் திக்குவாயோடு காலை அசெம்பிளியில் ஒரு திருக்குறளை முழுசாகச் சொல்லி முடித்தான், நடுவில் எவனும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்தச் சிரிக்காத வகுப்புக்கும் சேர்த்து நோட்டில் எழுதினோம். விழா அன்று இவைதான் ஆண்டறிக்கை. பிள்ளைக்கு ஒரு வரி. இன்னார் மகள், இன்ன தெரு என்று பெயர் வாசிக்கும்போது கூட்டத்தில் அந்த வீட்டுக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே டப்பா என்றால் அது விலையில்லாப் பொருள் மாதிரி, வரிசையில் நின்று வாங்கியதாகத்தான் பிள்ளை நினைக்கும். எல்லாருக்கும் கொடுங்கள், ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு காரணம் சொல்லிக் கொடுங்கள். நாங்கள் எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் பேர் வெட்டிக் கொடுத்தோம். பாத்திரக் கடையிலேயே அந்தச் சின்ன மிஷினை வைத்துக் கிர்ரென்று புள்ளி புள்ளியாக வெட்டுவார்கள். பிள்ளை பெயர், வகுப்பு, வருஷம், அதன் கீழே எதற்காக என்று. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் மோர் கொடுத்த டம்ளரைத் திருப்பிப் பார்த்தால் 'பனங்கொட்டை நட்டதறகு' என்று இருந்தது. ற் மேல் புள்ளி வைக்காமல் கடைக்காரர் விட்டிருக்கிறார்.

என்.எம்.எம்.எஸ். தேறிய மூன்று பேரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். இப்போது வேறு பள்ளி என்றாலும் வளர்ந்தது இங்கேதானே. மேடையில் சால்வை போர்த்திவிட்டு இறக்கி விடாதீர்கள். இப்போதைய எட்டாம் வகுப்போடு முந்தின நாள் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். மனத்திறன் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று நாம் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் ஏறும்.

வருகைப் பரிசு வைத்திருப்பீர்கள், ஒரு நாளும் லீவு போடாத பிள்ளைக்கு. அதில் ஒரு வம்பு இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பள்ளியே லீவு. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு கிடையாது. கொடைக்கு வராத பிள்ளை எந்த ஊரில் உண்டு? அப்போ அந்தப் பரிசு வருஷா வருஷம் யார் வீட்டுக்குப் போகும் என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் கொடை நாட்களைக் கணக்கில் கழித்துவிடுவோம். உள்ளூர் விடுமுறை விடுவதற்கு வழி இருந்தால் அதையே செய்வோம். பைபிள் வேதபாடத்துக்குப் பரிசு இருந்தால் நீதிபோதனைக்கும் அதே விலையில் பரிசு இருக்க வேண்டும். போதகர் ஐயர் ஆரம்ப ஜெபம் பண்ணட்டும், சுருக்கமாக. கோயில் அசன விருந்துக்கு ஊரே வந்து பந்தியில் உட்காருகிறது, ஆண்டு விழா மேடையில் மட்டும் சபையின் சேகரக் கமிட்டி நாற்காலிகளாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? இந்து வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உட்கார வையுங்கள்.

மும்பைக்காரர் விஷயம். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பேரில் பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன. இங்கே பெண்பிள்ளைகள் படிப்புக்காக அங்கிருந்தே பாடுபட்ட அந்த அம்மா இங்கிலாந்திலிருந்து இந்தப் பக்கம் வந்ததே கிடையாது. நாற்காலியும் கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை. இதை அவரிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். அவர் அப்பா பேரில் நினைவுப் பரிசாக வங்கியில் போட்டுவிடச் சொல்லுங்கள். ஆனால் எச்சரிக்கை: 1970-களில் ஆயிரம் ரூபாய் போட்டு வைத்த நினைவுப் பரிசுக்கு இன்றைய வட்டி அறுபது எழுபது ரூபாய்தான் வரும், ஒரு டம்ளர்கூட வாங்க முடியாது. உங்கள் பள்ளியிலும் அப்படிப் பழைய பரிசுகள் தூங்கும். எல்லாவற்றையும் ஒரே நிதியாகச் சேர்த்து, கொடுத்தவர்கள் பெயரை மட்டும் விட்டுவிடாமல் வாசியுங்கள்.

இன்னொன்று. இடையன்குடி உங்களுக்குப் பக்கம்தானே. கால்டுவெல் 1841-ல் அங்கே வந்து சேர்ந்ததைச் சிறப்பு விருந்தினர் அரை மணி நேரம் பேசுவார். அவர் மனைவி எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததை ஒரு வரிகூடச் சொல்ல மாட்டார். உங்கள் பிள்ளைகள் கைவேலையை ஒரு மேஜையில் பரப்பி வையுங்கள். ஓலைக் கொட்டான் முடையத் தெரிந்த பிள்ளை அங்கேயே உட்கார்ந்து முடையட்டும். பேச்சைவிட அங்கேதான் கூட்டம் நிற்கும்.


பாளை அக்கா:

அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி, டான்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. எங்களை மாதிரி அம்மாக்களுக்கு ஆண்டு விழா என்றாலே டிரஸ் வாடகைதான் ஞாபகம் வரும். மூன்று நிமிஷம் ஆடுவதற்கு ஜிகினா டிரஸ், கொண்டை, பூ, மேக்கப் என்று வசூல். காசு கொடுக்க முடியாத பிள்ளை கீழே உட்கார்ந்து பார்க்கும். சங்கப் பணத்தில் முதலில் இந்தச் செலவைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளிச் சீருடையிலேயே ஆட வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம், சாயங்காலம் நாலு மணிக்கே பவுடர் பூசி உட்கார வைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஒன்றாம் வகுப்பை மேடையேற்றாதீர்கள். பாதி தூங்கியிருக்கும், பாதி அழுதுகொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் முதலில், பொன்னாடை எல்லாம் கடைசியில். அப்போது பாருங்கள், பேச்சு தானாகவே சுருங்கும்.

என் தம்பி மகள் இங்கே பாளையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மா தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் படிக்கிறாள். அங்கே கைதட்டு கிடையாது, இரண்டு கையையும் மேலே தூக்கி விரலை விரித்து ஆட்டுவார்கள். உங்கள் பள்ளியிலும் காது சரியாகக் கேட்காத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கலாம். விசாரித்து அவர்களை முன்வரிசையில் வையுங்கள், பேர் வாசிக்கும்போது வாயைப் பார்க்கிற மாதிரி.

பரிசு கொடுக்கும் கை யாருடையது என்ற பேச்சு வந்ததே. 2024 ஜூலை 15 முதல் கிராமத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு வந்துவிட்டது. விடியுமுன் எழுந்து வந்து உப்புமா கிண்டுகிற அந்த அக்காக்களை மேடைக்குக் கூப்பிட்டு ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு அவர்கள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அவர்களைத்தான் நன்றாகத் தெரியும்.


தெக்கத்திப் பையன்:

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. பிளெக்ஸ் கோஷ்டியிடம் ஆட்டுக் கொட்டகை வரியை வாசித்துக் காட்டினேன், பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மீதிப் பேர் யோசிக்கிறார்கள். கொடை விஷயம் ஹெச்.எம். டீச்சருக்கே சுருக்கென்று பட்டிருக்கிறது, ரிஜிஸ்டரை எடுத்துப் பார்க்கிறேன் என்றார். ஆனால் ஒரு சிக்கல். டீச்சர் டிபன் டப்பாவுக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டாராம். திருப்பி எடுக்க மாட்டார்களாம். நோட்டு எழுதவும் இந்த வருஷம் நாள் இல்லை.


தேரிமணல்:

டப்பா வரட்டும். அதில் முதலூர் மஸ்கோத் அல்வா ஒரு துண்டு போட்டு, வந்த பிள்ளை, உடன்பிறந்த பிள்ளை என்று பார்க்காமல் எல்லாருக்கும் கொடுத்து அனுப்புங்கள். அது விழாப் பலகாரம், பரிசில் சேராது. பரிசு டம்ளர்தான். நோட்டுக்கு நாள் இல்லை என்றால் டீச்சர்களை ஒரு சனிக்கிழமை உட்கார வைத்து ஞாபகத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றவில்லையோ அந்தப் பிள்ளையின் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் கேளுங்கள், அவன் சொல்லிவிடுவான். பேர் வெட்டக் கொடுக்கும் பட்டியலைக் கையால் எழுதாமல் டைப் அடித்துக் கொடுங்கள், புள்ளி உட்பட.


சென்னையில் நெல்லைக்காரன்:

பிளெக்ஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அல்வா செலவு என்னுடையது. மேடை வேண்டாம், படம் வேண்டாம், ஒரு டப்பா மட்டும் கூரியரில் அனுப்பிவிடுங்கள். அம்மாவுக்குக் கடுகு டப்பா பழசாகிவிட்டது.