டாலஸ் தொடர்: 23-ஆம் எண் கிணற்றை ஜே.ஆர். மூடியது சரியா? அப்பா கேட்ட கேள்வி

ராயபுரம் மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அக்கா வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர். டெக்சாஸில் எண்ணெய்த் தொழில் செய்யும் யூயிங் குடும்பத்தைப் பற்றிய பழைய அமெரிக்கத் தொடர் டாலஸ். அவர் வாங்கி வந்த அதன் டிவிடி பெட்டி பரணில் பல வருடமாகக் கிடந்தது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து வெளியே போக முடியாமல் இருப்பதால், எடுத்துத் துடைத்துப் போட ஆரம்பித்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நான் தமிழில் சொல்வேன். அதனால் ஒரு எபிசோடு முடிய இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

நேற்று மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடு பார்த்தோம். அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் ஜே.ஆர். ராத்திரி ஆபீஸில் தனியாக இருக்கும்போது அவனை யாரோ சுடுவார்களே, அதுதான். யார் சுட்டது என்று தயவுசெய்து இங்கே சொல்லிவிடாதீர்கள். அவன் மனைவி சூ எலன்தான் என்று அம்மா அடித்துச் சொல்கிறார்.

என் கேள்வி துப்பாக்கியைப் பற்றியது இல்லை. அதற்கு முன்னால் வரும் கிணற்றைப் பற்றியது. ஜே.ஆரின் அப்பா ஜாக்கும் டிக்கர் பார்ன்ஸும் ஒரு காலத்தில் கூட்டாளிகள். 23-ஆம் எண் கிணற்றில் எண்ணெய் வரும் வரைக்கும் வருமானத்தில் பாதி டிக்கருக்கு, அவருக்குப் பின் வாரிசுக்கு என்று ஜாக் எழுதிக் கொடுத்த பழைய பத்திரம் ஒன்று கிடைக்கிறது. டிக்கர் இறந்துவிட்டார். மகன் கிளிஃப் பத்திரத்தோடு வருகிறான். ஜே.ஆர். அது போலி என்று சண்டை போடவில்லை, கிணற்றையே மூடச் சொல்லிவிடுகிறான். எண்ணெய் வந்தால்தானே பாதி தரவேண்டும்?

அந்த இடத்தில் அப்பா ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இவன் மூடினால் நஷ்டம் யாருக்கு? சட்டம் இதைக் கேட்காதா?" என்றார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தாத்தாவும் அவருடைய சிநேகிதரும் பாதிப் பாதி போட்டு காசிமேட்டில் ஒரு லாஞ்சு, அதாவது எஞ்சின் வைத்த மீன்பிடிப் படகு, வைத்திருந்தார்கள். பத்திரம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். இரண்டு பேரும் போன பிறகு, சிநேகிதரின் மகன் பங்கு கேட்டு வந்தார். பெரியப்பா இல்லை என்று சொல்லவில்லை. லாஞ்சைக் கரையேற்றிவிட்டு, "தொழில் ஓடவில்லை, ஓடும்போது வா" என்றார். மூன்று வருடம் அது வெயிலில் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் தினமும் பார்ப்பேன். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, உள்ளே வெளிச்சம் தெரியும்.

எண்ணெய்த் தொழில் தெரிந்தவர்கள் யாராவது பதில் சொன்னால் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

பழைய தொடர் ரசிகன் எழுதியது:

யார் சுட்டது என்று சொல்ல மாட்டேன், அம்மா நிம்மதியாக யோசிக்கட்டும். ஆனால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். அடுத்த டிவிடியைப் போட்டால் போதும். அமெரிக்காவில் இந்த எபிசோடு வந்தது 1980 மார்ச் 21. நடிகர்களின் வேலைநிறுத்தத்தால் அடுத்த சீசன் தள்ளிப்போய், பதில் வந்தது நவம்பர் 21. சரியாக எட்டு மாதம். அன்று ராத்திரி சுமார் 8 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள்.

கிணறு பற்றி நீங்கள் சொன்னது முக்கியம். இந்த எபிசோடில் ஜே.ஆர். ஒரே ஆளிடம் வம்பு இழுக்கவில்லை. ஆசிய நாடு ஒன்றில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளை அந்த அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, அவற்றைக் கூடப் பழகிய எண்ணெய் முதலாளிகள் தலையில் கட்டிவிடுகிறான். ஒருவர் தற்கொலையே செய்துகொள்கிறார். கட்டிய மனைவியை மனநல விடுதிக்கு அனுப்பப் பார்க்கிறான். சுடக் காரணம் உள்ளவர்களை வரிசையாக நிறுத்திவிட்டுத்தான் கடைசியில் சுடவைக்கிறார்கள். கிளிஃப்புக்கான காரணம் அந்தக் கிணறு.

மணலி ஷிப்ட் எழுதியது:

தங்கச்சி, மணலி ரிஃபைனரியில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்களுக்கு கச்சா எண்ணெய் துறைமுகத்திலிருந்து குழாயில் வந்து சேரும், நாங்கள் காய்ச்சிப் பிரிப்போம். கிணற்று வேலை எங்களுடையது இல்லை. ஆனால் நான்கு வருடம் வெளிநாட்டில் எண்ணெய் வயலில் இருந்தேன், அதனால் கொஞ்சம் சொல்ல முடியும்.

கிணற்றை மூடுவது கஷ்டமே இல்லை. பம்பை நிறுத்தி, மேலே இருக்கும் வால்வுகளைத் திருகினால் முடிந்தது. திரும்பத் திறக்கும்போதுதான் கஷ்டம். அடியில் தண்ணீர் ஏறியிருக்கலாம். குழாய்க்குள் மெழுகு படியும், துரு பிடிக்கும். பழையபடி எண்ணெய் வரும் என்று எந்த எஞ்சினியரும் எழுதிக் கொடுக்க மாட்டார். இன்னொன்று, டெக்சாஸில் பழைய சட்டம் ஒன்று உண்டு: யார் கிணற்றின் வழியாக மேலே வருகிறதோ அவருக்குத்தான் எண்ணெய் சொந்தம், அடியில் அது பக்கத்து நிலத்திலிருந்து நகர்ந்து வந்திருந்தாலும் சரி. அதனால் நீ மூடிவைத்தால், அதே படுகையில் வேலியைத் தாண்டிக் கிணறு வைத்திருப்பவன் உன் எண்ணெயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவான்.

அப்பா கேட்ட முதல் கேள்விக்குப் பதில் இதுதான். நஷ்டம் இரண்டு பேருக்கும். ஜே.ஆருக்கு அது தெரியாமல் இருக்காது. கிளிஃப் கைக்கு ஒரு டாலர் போவதைவிட, தன் டாலரும் மண்ணுக்குள் கிடக்கட்டும் என்று நினைக்கிறான். எனக்கு அந்தக் காட்சி சுட்டதைவிட மோசம். சுட்டவருக்குக் கோபம் இருந்தது. இவன் நிதானமாக உட்கார்ந்து செய்கிறான்.

லாஞ்சு ஓனர் எழுதியது:

நான் கொஞ்சம் மறுபக்கம் பேசுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். வருமானத்தில் பாதி என்றால், செலவு? எங்கள் காசிமேட்டில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் முதலில் கழித்துத்தான் பங்கு பிரிப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. அப்போது வலை, எஞ்சின் ரிப்பேர் செலவெல்லாம் ஓனர் தலையில்தான். இத்தனை வருடம் கிணற்றை நடத்தியது யூயிங் குடும்பம். திடீரென்று ஒரு பழைய காகிதத்தோடு வருபவனுக்குப் பாதி என்றால் யாருக்கும் எரியும்.

ஆனால் உங்கள் பெரியப்பா செய்ததை நான் ஏற்க மாட்டேன். கணக்குப் பார்த்துக் கழித்துக் கொடுத்திருக்கலாம். மரப் படகைக் கரையில் போட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவரா அவர்? பலகை காய்ந்து சுருங்கும், பலகை இடுக்கில் அடைத்த கலப்பத்து எல்லாம் உதிர்ந்து போகும். தண்ணீரில் இருந்தால்தான் அதற்கு உயிர். பங்கு தர மனமில்லை என்றால் விற்றுப் பிரித்திருக்க வேண்டும்.

ராயபுரம் மகள் எழுதியது:

அண்ணன்மார்களுக்கு ரொம்ப நன்றி. எல்லாப் பதிலையும் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்தேன். வேலி தாண்டி எண்ணெய் போய்விடும் என்ற இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

லாஞ்சு ஓனர் அண்ணா, செலவு கழிப்பது பற்றி நீங்கள் சொன்னது நியாயம்தான், அப்பாவும் தலையாட்டினார். ஆனால் பாபி அதே எபிசோடில் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு குடும்ப வீடான சவுத்ஃபோர்க்கை விட்டுப் போகிறானே. ஜே.ஆரின் தம்பி அவன். அவனுக்கும் அதே எண்ணெயில்தான் சோறு. அப்பாவும் தம்பிதான். அவர் வீட்டை விட்டுப் போகவில்லை, பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, நேற்று ராத்திரி அவரே சொன்னார்.

எனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னார். லாஞ்சு உடைந்து போனாலும் எஞ்சினைப் பெரியப்பா விற்றிருக்கிறார், 11,000 ரூபாய்க்கு. அதில் 2,000 அப்பா கைக்கு வந்திருக்கிறது. அந்த வருடம் என் ஸ்கூல் ஃபீஸ் அதில்தான் கட்டினார்களாம். சிநேகிதர் மகனுக்கு ஒன்றும் போகவில்லை.

அந்த மகன் இப்போது வார்ப்பு (படகுத்துறை) பக்கம் ஐஸ் உடைக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறார் என்று அம்மா விசாரித்துச் சொன்னார். முழங்கால் தையல் பிரித்ததும் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார் அப்பா. அடுத்த டிவிடியைப் போகும் வரைக்கும் போட வேண்டாம் என்கிறார். அம்மாதான் காத்திருக்க முடியாமல் தவிக்கிறார்.