பொருள்: ஆவணப்படத்துக்குப் பணம் – அத்தை இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்

ஊர்ச் சங்க உறவுகளுக்கு வணக்கம்.

பர்மாவில் உள்ள நம் ஊரைப் பற்றிய ஆவணப்படத்துக்குப் பணம் கேட்டதும் பினாங்கு மாமா, கோயில் மதில் கட்டியதற்கு ரசீது எங்கே என்கிறார். கேட்க வேண்டியதுதான். ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அதற்காகப் படத்தை நிறுத்திவைக்காதீர்கள்.

சென்ற வாரம் ரங்கூனிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். நெல் அறுத்த கையோடு உளுந்து தெளிக்க வேண்டிய வயல்களில் பாதி, தாளோடு கிடக்கின்றன. 2024-இல் கட்டாய ராணுவச் சேவை வந்த பிறகு, பையன்கள் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள். பெரிய களத்தில் முழங்கால் உயரம் புல்.

தீமிதியை எடுத்தால் போதும், கஷ்டத்தைக் காட்டினால் ஊருக்குக் கேவலம் என்கிறார் சென்னை அண்ணன். அண்ணா, இதில் நமக்கு என்ன கேவலம்? அத்தையின் மரப்பெட்டியில் 75 கியாட் நோட்டுக் கட்டு ஒன்று இருக்கிறது. அரசுக்குக் கட்டாயமாக அளந்தது போக மிஞ்சிய நெல்லை விற்று, அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்த பணம். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், மாற்றியும் தரவில்லை. ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. மாமா கட்டிய வாழைநாரை அத்தை இன்றுவரை அவிழ்க்கவில்லை.

2017-இல் உளுந்து இறக்குமதிக்கு இந்தியா இவ்வளவுதான் என்று அளவு வைத்ததும், நம் மூட்டைகளை வியாபாரிகள் தொடவில்லை. அத்தான் உழவு மாட்டை விற்றது அந்த ஆண்டில்தான். இதையும் சொல்ல வேண்டும்.

2012 விளைநிலச் சட்டத்தையும் விடக்கூடாது. நிலம் அரசுடையதுதான் என்றாலும், ஏழாம் எண் படிவம் என்ற நில உரிமைச் சான்று கையில் இருப்பவர் உழும் உரிமையை விற்கலாம், அடகு வைக்கலாம். எங்கள் கீழைப் பங்கை நாற்பது ஆண்டு உழுதவர் என் அப்பா. படிவத்தில் இருப்பது வேறு பெயர். யார் என்று இங்கே எழுதமாட்டேன். அவரும் இந்த மடலைப் படிப்பார்.

அத்தைக்கு 84 வயது. காலையில் எந்த வயலில் எத்தனை கூடை விளைந்தது என்பதுவரை தெளிவாகச் சொல்கிறார். பொழுது சாய்ந்தால் என்னை என் அம்மா பெயர் சொல்லி அழைக்கிறார். என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். படம் எடுப்பவர்கள் தை பிறப்பதற்குள் வரட்டும், காலையிலேயே வரச்சொல்லுங்கள்.

கீழைக் களத்து வீட்டு இளைய மகள்
ரங்கூன்