கூட்டத்தில் கையை உயர்த்தினேன். கடையில் என்ன மாற வேண்டும்?

கேள்வி: உரக்கடைக்காரர், மன்னார்குடி

சென்ற வாரம் எங்கள் சபையில் நடந்த கூட்டத்தின் முடிவில், தன்னைக் கர்த்தருக்கென்று முழுவதும் பிரதிஷ்டை செய்கிறவர்கள் கையை உயர்த்தும்படி போதகர் அழைத்தபோது நானும் உயர்த்தினேன். பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்து அல்ல, உள்ளபடியே உயர்த்தினேன். மறுநாள் காலை வழக்கம்போலக் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். "கடையை மூடிவிட்டு ஊழியத்துக்குப் போகப்போகிறீர்களா?" என்று என் மனைவி கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஓர் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தால் அதற்குப் பிறகு அங்கே வேறு காரியம் நடக்காது. யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவனைப் பிரதிஷ்டை செய்தால் அவனிடத்தில் எது நடக்கக் கூடாது?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், தரங்கம்பாடி

ஐயா, 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புது எருசலேம் ஆலயத்தில் ஞாயிறுதோறும் உட்காருகிறவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கும் பழக்கமானதுதான். ஆரோனையும் அவன் குமாரரையும் ஆசாரியராக ஏற்படுத்தச் சொல்லும் யாத்திராகமம் 28:41-இல் 'பிரதிஷ்டைபண்ணி' என்று நாம் வாசிக்கிற இடத்தில், எபிரெய மூலத்தில் உள்ள சொற்றொடரின் நேர்ப்பொருள் 'கையை நிரப்பு' என்பதாகும். லேவியராகமம் 8-ஆம் அதிகாரத்தில் அது கண்முன்னே நடக்கிறது: மோசே பலியாட்டின் கொழுப்பையும் தொடையையும் அப்பத்தையும் ஆரோன், அவன் குமாரர் ஆகியோரின் உள்ளங்கைகளில் வைத்து அசைவாட்டி, பிறகு அவற்றை அந்தக் கைகளிலிருந்தே எடுத்துப் பலிபீடத்தின்மேல் தகனிக்கிறார். நாமோ கூட்டங்களில் வெறுங்கையை உயர்த்திவிட்டு வீட்டுக்கு வருகிறோம். (எளிதாக இருப்பதால்தான் அத்தனை பேர் உயர்த்துகிறார்கள் என்பது என் சந்தேகம்.) ஆகையால் கடையை மூடுவதா என்று கேட்பதற்கு முன், கடையில் உங்கள் கை எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அதே அதிகாரத்தில் இரத்தம் பூசப்படுவது வலது காது, வலது கைப்பெருவிரல், வலது காலின் பெருவிரல் ஆகியவற்றில். கடைக்காரன் கேட்பதும் எண்ணுவதும் நடப்பதும் அவற்றால்தானே?

பதில்: செவிலியர், நாகப்பட்டினம்

நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் வழக்கில் இதை அர்ப்பணம் என்போம். 1964-இல் எங்கள் ஆயர்களின் உலகளாவிய கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டு, பொதுநிலையினரின் (குருக்களோ துறவியரோ அல்லாத நம்மைப் போன்றவர்களின்) அன்றாட உழைப்பு, குடும்ப வாழ்வு ஆகியவற்றோடு உடலும் மனமும் கொள்ளும் ஓய்வையும் சேர்த்தே காணிக்கை என்று 34-ஆம் பத்தியில் சொல்கிறது. இரவுப் பணி முடிந்து தூங்கப் போகும்போது எனக்கு அந்தச் சொல்லே ஆறுதல். ஆசிரியர் ஐயா சொன்னது சரியே, ஆனால் கையை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் மனிதர் களைத்துப் போவார்.

பதில்: விவசாயி, பாபநாசம்

அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. உரக்கடை என்று எழுதியதால் கேட்கிறேன்: குறுவைக்கு இரண்டு மூட்டை யூரியா கேட்டால், கூடவே நுண்ணூட்டப் பாக்கெட்டை இணைப்பாக வாங்கினால்தான் தருவேன் என்று சொல்கிற வழக்கம் உங்கள் கடையில் உண்டா? பிரதிஷ்டையை நான் அங்கேதான் தேடுவேன். ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் இல்லாதபோது, விலை கைக்கு வராது என்று பயந்து குடியானவர்கள் கொண்டுவர மறுத்தார்கள். பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று அங்கே ஊழியம் செய்த மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பியே தானியம் வந்தது. நானும் யோக்கியன் அல்லன். சபையின் அறுப்பின் பண்டிகைக்கு நான் காணிக்கையாகக் கொண்டுபோன நெல் மூட்டையை ஏலத்தில் எடுத்த சகோதரர், ஒரு கைப்பிடி அள்ளி ஊதிப் பார்த்தார். பாதி மணியில்லாத கருக்காயாகப் பறந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுவருஷம் நான் தூற்றிய பிறகுதான் மூட்டை கட்டினேன்.

கேள்வி கேட்டவர்

தம்பி, உண்டு. நிறுவனம் எனக்கு யூரியாவை அனுப்பும்போதே பாக்கெட்டுகளை என் தலையில் கட்டிவிடுகிறது. நான் அதை உங்களைப் போன்றவர்கள் தலையில் கட்டுகிறேன். இன்று காலை வந்த முதல் ஆளுக்கு மூட்டையை மட்டும் கொடுத்தேன். பாக்கெட்டுக்காகக் கையில் பணத்தை எண்ணி வைத்திருந்தவர், பில்லை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, மீதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். விற்காத பாக்கெட்டுகள் 3 பெட்டி மேசைக்கு அடியில் கிடக்கின்றன. அந்த நஷ்டத்தை எத்தனை மாதம் என்னால் தாங்க முடியும் என்பதை இன்று இரவு மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.