குழந்தை வளர்ச்சி, குடும்பவியல் பட்டப்படிப்பு: உள்ளே என்னதான் படிக்கிறோம்?

மழைத்துளி:
பல்கலைக்கழகத்தில் குழந்தை வளர்ச்சியும் குடும்பவியலும் சேர்ந்த பட்டப்படிப்பு எடுக்கலாம் என்று இருக்கிறேன். குழந்தைகளோடு இருப்பது ரொம்பப் பிடிக்கும், பின்னாளில் குடும்ப ஆலோசகராக வேண்டும். வீட்டில் "பிள்ளை வளர்ப்பதைப் போய் யாராவது காலேஜில் படிப்பார்களா" என்கிறார்கள். உளவியலே எடுத்துவிடலாமா? கணக்கு எனக்கு அவ்வளவாக வராது.

தாழ்வாரம்:
மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதலில் பழக்குவதே கவனிப்பதைத்தான். ஓரமாக உட்கார்ந்து ஒரு குழந்தை செய்வதை அப்படியே எழுத வேண்டும். "கோபமாக இருந்தான்" என்று எழுதினால் வட்டம் போட்டுத் திருப்பித் தருவார்கள், "கட்டையை எறிந்தான், சுவர் பக்கம் திரும்பி நின்றான்" என்று எழுத வேண்டும், ஏனென்றால் கோபம் என்பது நாமாக எடுத்த முடிவு. தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்த உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தின் ஆய்வுக்கு வரும்போது இதன் அருமை தெரியும். ஒரு வயதை ஒட்டிய குழந்தை, புது அறை, தாய் கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்பி வருவார். குழந்தை எவ்வளவு அழுதது என்றுதான் நாம் பார்ப்போம். ஐன்ஸ்வொர்த் முக்கியமாகப் பார்த்தது தாய் திரும்பி வந்த பிறகு நடப்பதை: ஒட்டிக்கொண்டு சமாதானமாகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, தூக்கச் சொல்லி அழுதுவிட்டுத் தூக்கியதும் உதைக்கிறதா. அழாமல் விளையாடிக்கொண்டே இருக்கிற குழந்தையைச் சமத்து என்போம் இல்லையா, பின்னால் வந்த ஆய்வுகளில் இதயத் துடிப்பை அளந்தபோது அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் உள்ளே பதற்றம் இருப்பது தெரிந்தது.

கூட்டாஞ்சோறு:
உளவியலில் பெரும்பாலும் தனி மனிதரிலிருந்து தொடங்குவார்கள், இங்கே அவரைச் சுற்றியிருக்கிற உறவுகளிலிருந்து. உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979-இல் எழுதிய புத்தகத்தை முதல் ஆண்டிலேயே படிக்க வைப்பார்கள், குழந்தை நேரில் போகாத இடங்கள்கூட அதன் வளர்ச்சியைப் பாதிக்கும் என்கிறார் அவர். உதாரணத்துக்கு, அப்பாவின் ஷிப்ட் மாறுகிறது, குழந்தை அந்த வேலையிடத்தைப் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் அதன் தூக்கமும் விளையாட்டும் மாறிப்போகிறது. இந்தக் கண்ணோட்டம் பிடித்திருந்தால் தைரியமாக எடுங்கள்.

கணக்கைப் பற்றிக் கேட்டீர்கள். புள்ளியியல் கட்டாயம் இருக்கும், அதை ஒப்புக்குப் படித்துவிடாதீர்கள். குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவோம் என்று சொல்லிப் பார்க்கிற மார்ஷ்மெல்லோ சோதனையை எல்லோரும் சொல்வார்கள், சின்ன வயதில் காத்திருக்கத் தெரிந்த குழந்தை பிற்பாடு நன்றாகப் படிக்கும் என்று. 2018-இல் இன்னும் நிறையக் குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள், குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. இது புரியாத ஒருவர் ஒரு தாயிடம் போய் "உங்கள் பிள்ளைக்குப் பொறுமை போதாது" என்று சொன்னால் என்ன ஆகும்?

மழைத்துளி:
நன்றி, பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இந்தப் பட்டத்தை வைத்தே ஆலோசகராகலாமா?

தாழ்வாரம்:
பல நாடுகளில் முடியாது. முதுகலை, மேற்பார்வையோடு பயிற்சி, அப்புறம் உரிமம் என்று போகும். இளங்கலையோடு மழலையர் கல்வி, குழந்தைகள் நலப்பணி மாதிரி வேலைகளுக்குப் போகலாம். சேர்வதற்கு முன்னால் களப்பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே அனுப்புவார்கள், உரிமம் தருகிற அமைப்பு இந்தப் படிப்பை ஏற்குமா, மூன்றையும் துறையிலேயே கேட்டுவிடுங்கள். குழந்தைகள் மீதான வன்முறை பற்றிய பாடமும் வரும், அந்த வாரங்கள் கனமாக இருக்கும், பேச ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.