பழைய பண்ணவாடியை மேலிருந்து தேடுவது

அனைவருக்கும் வணக்கம்.

மேட்டூர் அணைக்குள் போன நம் பழைய ஊர் பண்ணவாடி செயற்கைக்கோள் படத்தில் தெரியுமா, அங்கே மூழ்கிக் கிடக்கும் கோவில் நந்தி தெரியுமா என்று தோஹா மாமா கேட்டிருந்தார்.

நந்தி தெரியாது மாமா. இலவசமாகக் கிடைக்கிற சென்டினல்-2 என்ற ஐரோப்பிய செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்றால் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். தண்ணீர் 70 அடியை ஒட்டி இறங்கினாலே பரிசல் துறையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற நந்தியும் தேவாலயக் கோபுரமும், 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் சேற்றோடு சேறாகப் போய்விடும்.

ஆனால் ஊர் இருந்த நிலத்தைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. அணையின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறதே, அதுதான் பிடி. மட்டம் 90 அடி இருந்த நாளின் படத்தில் கரையை வரைந்தால், அந்தக் கோடு நெடுக நிலம் ஒரே உயரம். 75 அடி நாளில் இன்னொரு கோடு, 60 அடி நாளில் இன்னொன்று. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அணைக்குள் இருக்கும் மேடு பள்ளம் வந்துவிடும். மலை செங்குத்தாக இறங்குகிற பக்கம் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். வயல் போல் சமமான இடத்தில் விலகி விலகிப் போகும்.

இதற்குத் தோதான வருடம் 2023. ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறந்தபோது 103 அடி. அக்டோபரில் மூடும்போது 30 அடிதான். நிதானமாக இறங்கியதால் கோடு நிறைய கிடைக்கும். 2024 ஜூலையில் 40 அடியிலிருந்து ஒரே மாதத்தில் 120 அடிக்கு ஏறியது, ஆனால் அந்த வேகத்துக்குப் படம் ஈடுகொடுக்காது. பருவமழை மேகம் வேறு. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் வைத்த சென்டினல்-1 செயற்கைக்கோளும் உண்டு. காற்றடித்து அலை எழும்பினால் அதில் கரை மங்கிவிடும்.

சாதாரணப் படத்தைவிட அகச்சிவப்புப் படம் நல்லது. தண்ணீர் கறுப்பாக விழும், பயிர் சிவப்பாகத் தெரியும். தண்ணீர் இறங்க இறங்கப் பின்னாலேயே போய் நம் ஆட்கள் சோளமும் கம்பும் போடுகிறார்களே, அந்தத் துண்டு நிலங்களெல்லாம் கரையோரம் சிவப்புக் கட்டங்களாகத் தெரியும். ஒரு சங்கடம்: கோடையில் நாற்றமெடுக்கிற அந்தப் பச்சைப் பாசி தண்ணீர்மேல் திரண்டு நின்றால் அதுவும் சிவப்பாகத்தான் தெரியும். கம்ப்யூட்டர் அதைத் தரை என்று எடுத்துக்கொண்டு கரையைத் தண்ணீருக்குள் தள்ளி வரையும். சந்தேகமான இடத்தில் சாதாரண நிறப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, அணை திறந்தது 1934இல். இத்தனை வருட வண்டல் அடியில் படிந்திருக்கிறது. ஆகவே வருவது இன்றைய தரை, தாத்தா காலத்துத் தரை அல்ல.

பண்ணவாடி, நாகமரை, கோட்டையூர் பக்கத்துக்கு நான்கு கோடுகள் வரைந்த படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பழைய சந்தையும் கோவிலும் எந்த மேட்டில் இருந்தன என்று பெரியவர்களிடம் கேட்டிருப்பவர்கள் அதன்மேல் பென்சிலால் குறித்து, போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆளுக்கு ஒரு இடம் சொன்னாலும் பரவாயில்லை. ஊரில் இருப்பவர்கள் அடுத்த முறை தண்ணீர் இறங்கும்போது நந்தி பக்கத்தில் நின்று, போனில் காட்டுகிற இடத்தை அனுப்பினால் கோட்டைச் சரிபார்த்துவிடலாம்.