தொனி எழுத்து 2, 5, 6 இருக்கிறது; 3, 4 எங்கே? (அவசரம்)

கயல்விழி: பழைய புத்தகம் ஒன்றைத் தட்டச்சு செய்கிறேன், லத்தீன் எழுத்துதான். கணினிக்கான பொது எழுத்துப் பட்டியலான யூனிகோடில் தொனி (சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) இரண்டு, தொனி ஐந்து, தொனி ஆறு என்ற பெயரில் எழுத்துகள் இருக்கின்றன. மூன்றும் நான்கும் எங்கே தேடியும் இல்லை. எந்த எழுத்துருவை இறக்க வேண்டும்? நாளைக்குள் ஒப்படைக்கணும், யாராவது சொல்லுங்கள்.

பழுப்புத்தாள்: எந்த மொழி என்றே சொல்லவில்லையே? எந்த வருடத்துப் பதிப்பு?

நெய்தல்: வியட்நாமியமாகத்தான் இருக்கும். அதில் தொனிக்குறி உயிரெழுத்தின் மேலேயோ கீழேயோ வரும், தனி எழுத்தே கிடையாது. விசைப்பலகையை மாற்றினால் சரியாகிவிடும்.

எழுத்தச்சன்: அட்டவணையைத் திறந்து பார்க்காமலே கேள்வி கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. தொனிக்கென்று ஐந்து கோட்டுக் குறிகள் யூனிகோடு எண் 741 முதல் 745 வரை இருக்கின்றன. மொழியியலில் இது அரிச்சுவடிப் பாடம்.

கயல்விழி: வியட்நாமியம் இல்லை, சுவாங். அந்தக் கோடுகளும் இல்லை. அசையின் கடைசியில் எஸ்ஸைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒன்று வருகிறது, அது கிடைத்துவிட்டது. மூன்றும் நான்கும்தான் வேண்டும்.

குறிஞ்சி: சுவாங் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே! தென் சீனாவில் குவாங்ஷிப் பக்கம் பேசும் மொழி. அதற்கு 1957இல் வந்த எழுத்துமுறையில் முதல் தொனிக்குக் குறி கிடையாது. இரண்டிலிருந்து ஆறு வரை, அந்தந்த எண்ணின் சாயலில் ஓர் எழுத்து அசையின் கடைசியில் நிற்கும். நீங்கள் சொல்லும் திருப்பிப் போட்ட எஸ்தான் 2. மூன்றுக்கும் நான்குக்கும் ரஷ்ய எழுத்துகளே அந்தச் சாயலில் இருந்ததால் அவற்றையே எடுத்துக்கொண்டார்கள். யூனிகோடும் அவற்றுக்கு லத்தீன் பகுதியில் தனி இடம் தரவில்லை. பதின்ம எண்ணில் சிறிய எழுத்து 1079, 1095. பெரிய எழுத்து 1047, 1063. புது எழுத்துரு எதையும் தேட வேண்டாம்.

எழுத்தச்சன்: லத்தீனுக்குள் சிரில்லிக்கை, அதாவது ரஷ்ய எழுத்தை, கலப்பது அடிப்படைத் தவறு. 658இல் வால் வைத்த இசட் இருக்கிறது, அதுவும் 3 போலத்தான் தெரியும். அதைப் போடுங்கள்.

குறிஞ்சி: தயவுசெய்து போடாதீர்கள். 658க்குத் தலை தட்டை, சுவாங் எழுத்துக்கு மேலும் கீழும் வளைவு. யூனிகோடு அட்டவணையில் ஆறாம் தொனியான 389ஆம் எழுத்துக்குக் கீழே பாருங்கள்: சுவாங்கின் மூன்றாம், நான்காம் தொனிகளுக்குச் சிரில்லிக் எழுத்துகள்தான் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

நெய்தல்: இவ்வளவு பாடு எதற்கு? 1982இல் இந்த ஐந்தையும் எடுத்துவிட்டு இசட், ஜே, எக்ஸ், கியூ, ஹெச் என்று மாற்றிவிட்டார்களே. புது முறையிலேயே அடித்துவிடலாம்.

பழுப்புத்தாள்: மூலத்தில் உள்ளதை உள்ளபடி ஏற்றுவதுதான் முறை. அது போக, பழைய எழுத்துகளைப் பார்த்ததுமே இது தொனி, ஒலி இல்லை என்று தெரிந்துவிடும். இன்றைய யுவான் நோட்டின் பின்பக்கம் சீன மக்கள் வங்கியின் பெயர் சுவாங்கிலும் இருக்கிறது. அதில் ஐந்து அசைகள் இசட்டில் முடிகின்றன. ஒன்றைக்கூட இசட்டாக உச்சரிக்கக் கூடாது, எல்லாம் இரண்டாம் தொனி. ஹெச் இன்னும் மோசம்: அசையின் முதலில் வந்தால் மெய், கடைசியில் வந்தால் ஆறாம் தொனி.

நெய்தல்: அந்த மொழியைப் பேசுபவர்களுக்கு அதில் குழப்பம் வராது. இசட் எந்தத் தட்டச்சுப் பொறியிலும் உண்டு, திருப்பிப் போட்ட எஸ்ஸை எங்கே தேடுவார்கள்? சொந்த மொழியில் ஒரு கடிதம் அடிக்கத் தனிப் பொறி வேண்டும் என்றால் யார் எழுதுவார்கள்?

பழுப்புத்தாள்: இன்று அந்தத் தடை இல்லையே. எல்லாக் கணினியிலும் வருகிறது.

நெய்தல்: 1982இல் வரவில்லை.

குறிஞ்சி: இந்த விவாதத்துக்குத் தனி இழை போடுங்கள், அவருக்கு நாளை வேலை முடியணும். கயல்விழி, வருடிய பக்கத்திலிருந்து எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) வழியாக எடுத்திருந்தால் ஆறாம் தொனியையும் ஒருமுறை பாருங்கள். 389க்குப் பதில் மென்குறி என்ற ரஷ்ய எழுத்து, அதாவது 1100, வந்திருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் தேடினால் சிக்காது. 3, 4 மட்டும் தடிமன் மாறித் தெரிந்தால் உங்கள் எழுத்துருவில் சிரில்லிக் இல்லை என்று அர்த்தம்.

கயல்விழி: 1079, 1095 சரியாக வருகிறது. ஆறில் பாதி 1100ஆகத்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். நன்றி குறிஞ்சி அக்கா.

பழுப்புத்தாள்: நல்லது. புத்தகம் எந்த வருடத்தது என்று இன்னும் சொல்லவில்லையே?